கோமாளி மீன் குளிரில் நடுங்காது

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் மார்கழி பிறந்தால் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும்: "சின்ன மீன் நடுங்குது பாரு, ஹீட்டரைக் கூட்டி வை." தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கும். பெரியது பக்கத்தில் வந்ததும் சின்னது உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, தலையிலிருந்து வால் வரை விறுவிறுவென்று உதறும். இரண்டு மூன்று விநாடிதான். பெரியது விலகியதும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திப் போய்விடும். வெளியே தலைகுந்தா புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் காலையில் இதைப் பார்த்தால் யாருக்குமே குளிர் நடுக்கம் என்றுதான் தோன்றும்.

குளிருக்கும் அந்த உதறலுக்கும் சம்பந்தமே கிடையாது. நாம் நடுங்குவது உடம்புச் சூட்டைக் காப்பாற்ற. தசை துடித்தால் சூடு பிறக்கும். மீனுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்பின் சூடு. உதறி உண்டாக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் செவுள் வழியாக ஓடும் தண்ணீர் அப்போதே வாங்கிக்கொண்டு போய்விடும். உண்மையில் குளிர் தாக்கிய கோமாளி மீன் மந்தமாகிவிடும்; தீனி போட்டால் ஏறிட்டுப் பார்க்காது; அடியில் போய்க் கிடக்கும். சின்ன மீன் உதறுவது பெரிய மீனுக்குப் போடும் கும்பிடு. "உன் இடத்துக்கு நான் போட்டியில்லை" என்பது அதன் பொருள். இந்த மீனின் அளவு, பால், சண்டை, உதறல் எல்லாமே அது வரிசையில் எத்தனையாவது என்பதைப் பொறுத்தவை. வரிசை புரிந்துவிட்டால் தொட்டியில் நடப்பதில் பெரும்பாலானவை புரிந்துவிடும். மிச்சம் நம் மலையின் வேலை. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த மீன்

கோமாளி மீன் என்ற பெயருக்குள் சுமார் 30 இனங்கள் அடக்கம். எல்லாமே இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கின் மேற்குப் பகுதியையும் சேர்ந்த பவளத்திட்டு மீன்கள். அட்லாண்டிக்கில் ஒன்றுகூடக் கிடையாது. கடையில் பெரும்பாலும் கிடைப்பது ஒசெல்லாரிஸ்: ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. அந்தமான் கடலில் இது இயற்கையாகவே உண்டு. பெர்குலா என்று இன்னொன்று, அச்சு அசல் இதே போல இருக்கும். அதன் ஊர் பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பக்கம். முதுகுத் துடுப்பில் ஒசெல்லாரிஸுக்குப் பொதுவாக 11 முள், பெர்குலாவுக்கு 10. ஓடிக்கொண்டிருக்கும் மீனில் முள்ளை எண்ணுவது நடக்கிற காரியமில்லை, அதனால் கண்ணைப் பாருங்கள். பெர்குலாவின் கண்வளையம் பளிச்சென்ற ஆரஞ்சு. நடுவில் கறுப்புப் பொட்டு மட்டும் தெரிவதால் கண் சிறுத்துத் தோன்றும். ஒசெல்லாரிஸின் கண்வளையம் சாம்பல் பூசிய ஆரஞ்சு. கண் பெரிதாகத் தெரியும். பட்டையின் ஓரத்துக் கறுப்புக் கோடு பெர்குலாவில் தடிமனாக இருக்கும், ஒசெல்லாரிஸில் நூலிழைதான்.

நம் மன்னார் வளைகுடாவில் இருப்பவை செபே, கிளார்க்கி என்ற இனங்கள். 15 செ.மீ. வரை வளரும், முரட்டுக் குணம். முதல் தொட்டிக்கு அவை வேண்டாம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா? மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பண்ணையில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை நன்றாகப் பழக்கப்படுத்திவிட்டன. எனவே கடலில் பிடித்ததை வாங்க எந்த அவசியமும் இல்லை. பிடித்த மீனோடு ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி வந்து சேரும் வாய்ப்பு அதிகம். மேல்தோல் பாலாடை போலக் கழன்று, சில நாளிலேயே மீன் போய்விடும்.

வரிசை என்றால் என்ன

கடல்சாமந்தி என்பது பாறையில் ஒட்டி வாழும், கொட்டும் கைகள் கொண்ட, பூப்போன்ற கடல் உயிரி. கடலில் ஒரு கடல்சாமந்தி, அதில் ஒரு கோமாளி மீன் குடும்பம். குடும்பம் என்று பழக்கத்தில் சொல்கிறோம், இரத்த உறவு எதுவும் கிடையாது. வெவ்வேறு இடத்தில் பொரித்துக் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து ஒதுங்கியவை. அதில் ஆகப் பெரியது பெண். இரண்டாவது பெரியது ஆண். இந்த இரண்டும்தான் இனம் பெருக்கும். அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது என்று சிறியவை சில இருக்கலாம். அவை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. முறை வரக் காத்திருப்பவை.

எல்லாக் குஞ்சும் பால் தீர்மானமாகாமலேதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. பெண் இறந்துவிட்டால் ஆணாக இருந்தது பெண்ணாக மாறும். விந்தகத் திசு சுருங்கி, அதே உறுப்பில் சூலகத் திசு வளரும். மூன்றாவது மீன் ஆணாகும். எல்லாருக்கும் ஒரு படி உயர்வு. நடத்தை சில நாளிலேயே மாறத் தொடங்கும், உடல் முழுதாக மாற வாரங்களிலிருந்து மாதங்கள் ஆகலாம். ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. கூட்டத்தில் மூத்தது அடக்கி வைப்பதால்தான் இந்தப் பால் மாற்றம் கட்டுக்குள் நிற்கிறது என்பது 1977ல் ஜெர்மன் ஆய்வாளர்களான ஃபிரிக்கே இணையர் வெளியிட்ட ஆய்விலேயே தெளிவாகிவிட்டது.

அடுத்த விஷயம்தான் புதிதாக வளர்ப்பவர்களைக் குழப்புவது. சின்ன மீன் சின்னதாகவே இருக்கிறது. ஆறு மாதம் ஆகியும் பெரியதில் முக்கால் அளவுதான். சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்து, தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலை இரண்டு மடங்கு போடுவார்கள். தொட்டியில் நைட்ரேட் என்ற கழிவு ஏறும், மீன் வளராது. சின்னது வேண்டுமென்றேதான் வளர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. மேலே இருப்பதன் அளவை நெருங்கினால் போட்டிக்கு வந்துவிட்டது என்று பொருள், அடித்துத் துரத்தப்படும். கடலில் சாமந்தியை விட்டுத் துரத்தப்பட்ட கோமாளி மீன், நீந்துவதில் மட்டமான மீன் என்பதால், அன்றைக்கே ஏதாவது ஒன்றின் வாய்க்குள் போய்விடும். வரிசையில் அடுத்தடுத்த மீன்களுக்கிடையே இப்படி ஓர் அளவு இடைவெளி காக்கப்படுவதைப் பப்புவா நியூகினியின் பெர்குலாக்களிடம் பீட்டர் பஸ்டன் 2003ல் காட்டினார். மேலே இடம் காலியானால் கீழே இருப்பது உடனே வளரத் தொடங்கும். 2025ல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட விநோதம்: அதே நாட்டின் கிம்பே விரிகுடாவில் கடல் சூடேறிய மாதங்களில் அளந்து பார்த்த 134 மீன்களில் முக்கால்வாசி, ஒரு தடவையாவது உடம்பின் நீளத்தையே குறைத்துக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் தொட்டிக்குக் கொண்டுவந்தால் விதி சுலபம். இரண்டு மட்டும் வாங்குங்கள். இரண்டும் குஞ்சாக, 2 முதல் 3 செ.மீ.க்குள், கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசத்தோடு இருக்கட்டும். பெரியது பெண்ணாகிவிடும், சின்னது ஆணாக நின்றுவிடும். ஆண் எது பெண் எது என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை. அந்த வயதில் அவருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. வளர்ந்த பெரிய மீன்களாக இரண்டை வாங்கிச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. இரண்டும் ஏற்கெனவே பெண்ணாகியிருந்தால் ஒன்று சாகும் வரை சண்டை ஓயாது. மூன்றாவது மீனும் வேண்டாம். கடலில் மூன்றாவதற்கு ஒதுங்க இடமுண்டு, மூன்றடித் தொட்டியில் மூலைதான் உண்டு. இரண்டு நாளில் வால் கிழிந்து நிற்கும்.

பெண் இறந்துவிட்டதா? மிச்சமிருக்கும் ஆண் மெல்லப் பெண்ணாகிவிடும். அதைவிடச் சிறிய குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடலாம். முதல் ஒரு வாரம் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவிலோ வலைத் தடுப்பிலோ வைத்து, ஒன்றை ஒன்று பார்க்க மட்டும் விடுங்கள். குஞ்சு டப்பாவுக்குள்ளிருந்தே உதறிக் கும்பிடத் தொடங்கினால் திறந்துவிடலாம். முதல் சில நாள் துரத்தல் இருக்கும், கடி படாதவரை தலையிட வேண்டாம். குஞ்சு உதறினால் பெரியது அதோடு விட்டுவிடும். உதறாமல் எதிர்த்து நின்றால் மறுபடி பிரியுங்கள்.

இராத்திரி வீடு அடங்கிய பிறகு தொட்டிப் பக்கம் காதைக் கொடுத்தால் "டக்… டக்" என்ற ஒலியும் கேட்கலாம். அதுவும் இந்த வரிசைப் பேச்சுதான். மேல் தாடையும் கீழ்த் தாடையும் சடாரென்று மூடிப் பல்லோடு பல் மோதும் சத்தம் அது. கிளார்க்கி இனத்தை வைத்து 2007ல் இதை உறுதி செய்தார்கள். சந்தடி இல்லாத மலை இரவில் இது சமவெளி வீடுகளைவிட நன்றாகவே கேட்கும். ஃபில்டர் பழுது என்று எண்ணிக் கழற்றிப் போட்டுவிட வேண்டாம்.

பட்டை, நிறம்

பொரித்து வரும் குஞ்சுக்குப் பட்டை கிடையாது, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். முதல் இரண்டு வாரத்துக்குள் உருமாறும்போது தலைப் பட்டை முதலில், பிறகு நடுப் பட்டை, கடைசியில் வால் பட்டை. இதைத் தூண்டுவது தைராய்டு ஹார்மோன். பண்ணையில் தீனியோ தண்ணீரோ சரியில்லாமல் போனால் பட்டை பாதியில் நின்றுவிடும், அல்லது நடுவில் அறுபடும். இப்படிப்பட்ட குறைப்பட்டை மீன்களைப் புதுப் பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பது வழக்கம். உடல்நலத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கூடுதல் காசு கொடுக்க அதில் ஒன்றுமில்லை.

வெள்ளை என்பது சாயம் கிடையாது. தோலில் உள்ள நுண்படிகச் செல்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகத் தெரிகிறது.  ஆரஞ்சு அப்படியில்லை, மீனால் அதைத் தானாகத் தயாரிக்க முடியாது, கேரட்டுக்கு நிறம் தரும் அதே வகைக் கரோட்டினாய்டு தீனியில் வர வேண்டும். பண்ணைக் குஞ்சு வெளிறிய ஆரஞ்சாக வந்தால் கவலை வேண்டாம். நல்ல தீனியில் சில மாதங்களில் நிறம் ஏறும். காலையில் விளக்கைப் போட்டதும் சில நிமிடம் வெளுத்துத் தெரிவதும் இயல்பு. பகல் முழுதும் வெளுத்தே இருந்தால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

பட்டை மீன்களுக்கே அடையாள அட்டை. 2024ல் ஒகினாவாவில் செய்த சோதனையில், ஒசெல்லாரிஸ்கள் மூன்று பட்டை உள்ள மீனையும் பொம்மையையும்தான் அதிகமாகத் தாக்கின. பட்டை குறையக் குறையத் தாக்குதலும் குறைந்தது. வீட்டுக்குள் நுழையும் தன் இனத்தானிடம்தான் அதற்குப் பயம். அவன்தானே வரிசையில் இடம் கேட்பான்.

கடல்சாமந்தி இல்லாமல் வாழுமா

நன்றாகவே வாழும். கடலில் சாமந்தி இல்லாவிட்டால் அதற்கு உயிர் இல்லை, தொட்டியில் தின்ன வருபவர் யாருமில்லை. சாமந்தியின் கொட்டும் செல்கள் இதைக் கொட்டாததற்குக் காரணம் அதன் மேல் படிந்திருக்கும் சளிப்படலம். கொட்டலைத் தூண்டும் சயாலிக் அமிலம் அந்தச் சளியில் மிகக் குறைவு. அப்படியும் எடுத்தவுடன் உள்ளே பாய்ந்துவிடாது. முதலில் வாலால் தொட்டுப் பார்க்கும், பிறகு வயிற்றால், கடைசியில்தான் புகும். பதிலுக்குத் தன் கழிவால் சாமந்திக்கு உரமிடுகிறது, சாமந்தியைக் கொத்தித் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது.

சாமந்திக்கு வலுவான விளக்கும் ஓராண்டாவது நிலைபெற்ற தொட்டியும் வேண்டும். அடிக்கடி மின்சாரம் போகும் மலையூரில் அது இறந்தால் தண்ணீரைக் கெடுத்து மீனையும் கொல்லும். முதல் வருடம் நினைக்கவே வேண்டாம். சாமந்தி இல்லாத மீன் தனக்கென்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்: மண்சட்டி, ஃபில்டர் குழாய், கண்ணாடி மூலை. ஒரு சின்ன மண்சட்டியைப் படுக்க வைத்தால் போதும். பின்னால் முட்டையிடவும் அதுவே ஆகும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: அலங்காரத்துக்கென்று பவளப்பாறை வாங்காதீர்கள். கல்பவளங்கள் 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பீங்கானில் செய்த துளைக்கல் அதே வேலையைச் செய்யும்.

பதற்றமே வேண்டாத வேறு சில பழக்கங்களும் உண்டு. இடுப்பை ஆட்டி ஆட்டி, மார்புத் துடுப்பைத் துடுப்புப் போடுவதுபோல் மாற்றி மாற்றி அசைத்து நீந்துவது அதன் இயல்பு நடை. இராத்திரி மேல்மட்டத்தில் சாய்ந்து மிதந்தபடி தூங்கும். செத்துவிட்டது என்று வலையால் தூக்கிவிடாதீர்கள். சட்டியின் பக்கத்தில் கையை விட்டால் பெண் மீன் கடிக்கும். வலிக்காது, திடுக்கிட வைக்கும்.

மலை செய்யும் வேலை

மலையில் மீன் என்றால் டிரவுட். அவலாஞ்சிப் பண்ணையில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. 10 முதல் 18 டிகிரிக்குள் அதற்கு சொர்க்கம். கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி. ஜனவரியில் ஊட்டி வீட்டு அறை 12 டிகிரியில் நிற்கும்போது தொட்டியை 14 டிகிரி உயர்த்திப் பிடிக்க வேண்டும். லிட்டருக்கு 1 வாட் என்று ஹீட்டர் பெட்டியில் போட்டிருப்பது சமவெளிக் கணக்கு. இங்கே லிட்டருக்கு 2 முதல் 3 வாட் வையுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஒன்றாக வாங்காமல் 150 வாட் இரண்டாக வாங்கி இரண்டு மூலையில் பொருத்துங்கள். ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தனியாக மீனை வேகவைக்கும் அளவுக்குச் சூடேற்றாது.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? 100 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி உயர்த்த, துளிச் சூடும் வெளியேறாவிட்டால்கூட, 100 வாட் ஹீட்டருக்கு 70 நிமிடம் பிடிக்கும். அதே கணக்குதான் இறங்கும்போதும். மூடி இல்லாத தொட்டி குளிர்ந்த அறையில் தொடக்கத்தில் மணிக்கு ஒரு டிகிரி அளவுக்கு இழக்கும். மூடி போட்டு மூன்று பக்கமும் கம்பளி சுற்றினால் இந்த வேகம் பாதியாகக் குறையும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஐந்தாறு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போவது சகஜம். கம்பளி சுற்றிய தொட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். கொதிநீரை ஊற்றி ஈடுகட்ட நினைக்க வேண்டாம். மூடிய பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மிதக்க விடலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று.

ஆனால் மின்வெட்டில் முதலில் கொல்வது குளிரில்லை, மூச்சு. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதே குறைந்த அழுத்தத்தால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரைகிறது. 26 டிகிரி கடல்நீர் தூத்துக்குடியில் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடிக்கும். ஊட்டியில் எவ்வளவு குமிழி விட்டாலும் 5 மில்லிகிராமை ஒட்டித்தான். கொடைக்கானலில் கிட்டத்தட்ட இதே அளவு. கடற்கரையில் ஃபில்டர் நின்றால் ஒரு கையிருப்பு இருக்கும். இங்கே கையிருப்பே இல்லாமல்தான் தொடங்குகிறோம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஹீட்டருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஃபில்டரின் வெளிவாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மேற்பரப்பு எப்போதும் நெளியும்படி திருப்பி விடுங்கள். மூடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கட்டும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றுங்கள் என்று சொல்பவர்கள் மலையை மறந்து சொல்கிறார்கள். சூடு ஏற ஏறக் கரையும் ஆக்சிஜன் இன்னும் குறையும், மீனின் தேவையோ கூடும். அது போக, கடல்மீன் வெள்ளைப்புள்ளி அந்தச் சூட்டில் சாவதும் இல்லை.

மீன் மூச்சுக்குத் தவிக்கிறதா என்று அறிய ஒரு வழி: எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், மீன் அமைதியாக நிற்கும்போது செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிச் சுவரிலேயே எழுதி வையுங்கள். சந்தேகம் வரும் நாளில் மறுபடி எண்ணுங்கள். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைவு, கழிவிலிருந்து வரும் அமோனியா, செவுளில் ஒட்டுண்ணி என்ற மூன்றில் ஒன்று காரணம். வேறு ஊர்க்காரர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடிய அறையில் நாலு பேர் மூச்சும் அடுப்புப் புகையும் சேர்ந்து கரியமில வாயு கூடும், அது தண்ணீரில் கரைந்து 8.2ல் இருக்க வேண்டிய பி.எச். (அமில-கார) அளவு இரவில் 7.8 வரை இறங்கும். பி.எச். ஏற்றும் பொடியைக் கொட்டிப் பயனில்லை; பகலில் ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்தாலே ஏறிவிடும். அறைக்குள் கரி மூட்டிக் கணப்பு வைத்துத் தூங்குகிற வழக்கம் இருந்தால் மீனைவிட மனிதருக்குத்தான் ஆபத்து, அதை முதலில் நிறுத்துங்கள்.

இனி உப்பு. கடல்தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவை லிட்டருக்கு 36 கிராம் அளவில், 100 லிட்டருக்கு 3.6 கிலோ. சமையல் கல்லுப்பு ஆகாது. கடலில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டும் அதில் தேவையான அளவு இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள். மலைக்காரர்கள் தடுக்கி விழும் இடம் அளப்பதில்தான். மிதக்கும் அடர்த்திமானி 25 டிகிரிக்குச் செய்தது. 14 டிகிரித் தண்ணீரில் மிதக்க விட்டால் தண்ணீர் குளிரால் அடர்ந்திருப்பதால் கிட்டத்தட்ட 0.003 கூடக் காட்டும். 1.025 என்று நம்பி நிறுத்துவீர்கள். சூடேறிய பிறகு பார்த்தால் 1.022. எனவே வாளியிலேயே தனி ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு உப்பைக் கலந்து, பிறகு அளந்து பாருங்கள். சூடான தொட்டி குளிர்ந்த அறையில் வேகமாக ஆவியாகும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்து 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும், தண்ணீரில் மின்சாரம் பாயும்.

மீன் விடுமுன் தொட்டி பழுக்க நாலிலிருந்து ஆறு வாரம். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குளிரில் மெல்லத்தான் பெருகும். அதனால் மீன் இல்லாத அந்த வாரங்களிலும் ஹீட்டர் ஓடட்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

மலைப்பாதையில் மீன் பை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய மீன் பையும் அப்படியே கால் பங்கு விரியும். கீழே விறைப்பாகக் கட்டிய பை பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் கசியத் தொடங்கும். கடையிலேயே சொல்லி, மூன்றில் இரண்டு பங்கு விறைப்புக்கு, இரட்டைப் பையில் கட்டச் சொல்லுங்கள். பையைக் கம்பளியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினாலும் இதே கதை.

வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே தொட்டியில் அரை மணி நேரம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு தாமதிக்காதீர்கள். பைக்குள் சேர்ந்த கரியமில வாயு பி.எச்.ஐ இறக்கி வைத்திருக்கும், அதுவரை அமோனியா வீரியமில்லாமல் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அமோனியா விஷமாகும். உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பைத் தண்ணீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் கிண்ணத்தால் மொண்டு உள்ளே விட்டுவிடுங்கள். முதல் நாள் விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

முட்டை

ஒன்றரை இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் இரண்டு மீனும் சட்டியின் உள்பக்கத்தை வாயால் கொத்திக் கொத்திப் பாசியை அகற்றத் தொடங்கும். பெண்ணின் வயிறு உப்பியிருக்கும். இந்த முறை பெண்ணே உதறும், ஆணும் உதறும். பழைய கும்பிடுதான், இப்போது அதற்கு வேறு பொருள். பெரும்பாலும் பகலில், சில நூறு முட்டைகளைப் பெண் வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும், ஆண் பின்னாலேயே வந்து கருவூட்டும். அதோடு பெண்ணின் வேலை முடிந்தது. இனி காவல் மட்டும். மார்புத் துடுப்பால் விசிறுவதும், வெளுத்துப்போன கெட்ட முட்டையைத் தின்று அகற்றுவதும் தகப்பன் பொறுப்பு. மெல்லிய காற்று ஊரில் இந்த விசிறல் இன்னும் முக்கியம். அந்த வாரம் சட்டியை நகர்த்தவோ தொட்டியைக் கழுவவோ கூடாது.

முட்டை முதலில் ஆரஞ்சு நிறம், பிறகு கருத்து, கடைசியில் ஒவ்வொன்றிலும் வெள்ளி நிறத்தில் இரண்டு கண் மின்னும். 26 முதல் 28 டிகிரியில் 7 முதல் 9 நாள். ஹீட்டர் பின்வாங்கினால் இன்னும் நீளும். கண் மின்னத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு மாலையும் கவனியுங்கள். விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இருட்டில்தான் பொரிக்கும். அந்த இரவு ஃபில்டரை நிறுத்தி, ஏர் கல்லில் மட்டும் குமிழி மெல்ல வரட்டும். இல்லாவிட்டால் அத்தனையும் ஃபில்டருக்குள் போய்விடும். தொட்டியின் ஒரு மூலையில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்குத் திரளும். வலை போடாமல் குவளையால் மொண்டு, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய, அதே சூட்டில் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் ஒரு வாரத் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். ஆர்ட்டீமியா அப்போது அவற்றின் வாய்க்குப் பெரிது. ரோட்டிஃபர் வளர்ப்பை முட்டையைப் பார்த்த அன்றே தொடங்கியிருந்தால்தான் இந்த இரவுக்குள் போதுமான அளவு சேர்ந்திருக்கும்.